பதினெட்டு ட்ரே முட்டை

ஜூலை 18, வெள்ளி

நூற்று மூன்று. இன்று வகுப்பில் நான் சொல்லாத விடை.

கரும்பலகையில் 618 ÷ 6 என்று எழுதியிருந்தேன். மேசைமேல் திறந்திருந்த புத்தகத்தில் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் பென்சிலால் சிறியதாக 13 என்று இருந்தது. அது முந்தைய டீச்சரின் புத்தகம். பிரசவ விடுப்பில் போகும்போது விட்டுவிட்டுப் போனது. ஆறில் ஆறு ஒரு தடவை. ஒன்றில் ஆறு போகாது. எட்டை இறக்கினால் பதினெட்டு, மூவாறு பதினெட்டு. 13 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். நான்காம் வகுப்புப் பிள்ளைகளும் நோட்டில் இரண்டு கோடு போட்டார்கள்.

வர்ணிகா மட்டும் போடவில்லை. மூன்றாம் பெஞ்சில் எழுந்து நின்றாள்.

"டீச்சர், அது நூத்தி மூணு வரும்."

"போர்டைப் பாரு. பதிமூணு."

"பதிமூணுன்னா ஆறு பேத்துக்கும் சேத்து எழுபத்தெட்டு முட்டைதான டீச்சர் ஆவுது? மிச்சம் பதினெட்டு ட்ரே எங்க போச்சு?"

கணக்கில் முட்டையே இல்லை. அவள் அம்மா கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிறவர். இந்தப் பெண்ணுக்கு எந்த எண்ணைக் கண்டாலும் முட்டையாகத்தான் தெரியும்.

பின் பெஞ்சிலிருந்து கவின் கத்தினான்: "கோழியே வந்து திருப்பி எடுத்துக்கிச்சு டீச்சர்!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இங்கேயாவது எழுதிவைக்க வேண்டும்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை அமிர்தவல்லி மேடம் வாசலில் வந்து நின்றார். "என்னங்க டீச்சர், சந்தைக்கடையாட்டம்?"

"ஒண்ணுமில்லைங்க மேடம். இந்தப் பொண்ணு கவனிக்காம ஏதோ உளறுது."

மேடம் நகரவில்லை. நான் ஏதாவது செய்வேன் என்று காத்திருந்தார். வர்ணிகாவிடம், "இதே கணக்கை இருபத்தஞ்சு தடவை எழுதிட்டு வா. விடையோட" என்றேன். மேடம் போய்விட்டார்.

பேருந்தில் வரும்போது கைப்பைக்குள் கையை விட்டு, யாருக்கும் தெரியாமல் விரல் மடக்கிப் பெருக்கிப் பார்த்தேன். பதின்மூன்றை ஆறால் பெருக்கினால் எழுபத்தெட்டுதான். நூற்று மூன்றை ஆறால் பெருக்கினால் அறுநூற்றுப் பதினெட்டு. பதினெட்டு ட்ரே என்பது மட்டும் எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. அது உளறலாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 19, சனி

துணி துவைத்தேன். வீட்டுக்காரம்மா கொடுத்த முருங்கைக்கீரையை ஆய்ந்து முடிக்கப் பத்து மணி ஆகிவிட்டது. மதியம் நூலகத்து நாவலில் அறுபது பக்கம். அதில் ஒருவன் ஒரே ஒரு உண்மையைச் சொல்லாமல் நானூறு பக்கம் இழுத்தடிக்கிறான். எரிச்சலாக இருந்தது. ஒரு வாக்கியம்தானே, சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே.

திங்கள்கிழமை முதல் பீரியடிலேயே சொல்லிவிடுவேன்.

ஜூலை 21, திங்கள்

சொல்லவில்லை. வர்ணிகா நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள். இருபத்தைந்து முறை, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. ஒவ்வொன்றின் அடியிலும் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன். பழக்கத்தில் "நன்று" என்றும் எழுதிவிட்டேன்.

விடையில் நடுவே பூஜ்யம் வரும் கணக்குகள் பாடத்தில் இன்னும் ஆறு இருந்தன. அவற்றைத் தாண்டி அளவைகளுக்குப் போய்விட்டேன்.

ஜூலை 24, வியாழன்

ஸ்டாஃப் ரூமில் சுலோச்சனா டீச்சர் என் டிபன் பாக்ஸில் கை வைத்துக்கொண்டே கேட்டார். ஐந்தாம் வகுப்பு எடுக்கிறவர், இந்தப் பள்ளியில் பதினோரு வருடம்.

"ஏனுங்க பூங்கோதை, எம்.ஏ. தமிழ் படிச்சுட்டு, கணக்குப் பீரியட்ல மட்டும் புக்கைக் கொழந்தையாட்டம் இடுப்புல இடுக்கிக்கிட்டே போறீங்க?"

தமிழ் நடத்தத்தான் விண்ணப்பித்தேன். "நாலாம் வகுப்புன்னா எல்லாமே நீங்கதான். வாய்ப்பாடு தெரியுமில்லீங்க?" என்று மேடம் கேட்டபோது, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் தெரியும் என்றேன்.

சுலோச்சனா டீச்சர் தன் புத்தகத்தைத் திறந்து காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் விடைகள். "எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கெழம போட்டுத் தருவாரு. பின்னம் வந்தா எனக்கே தலை கிறுகிறுங்கும். புள்ளைங்க கணக்குப் பீரியட்ல பாத்ரூம் கேக்குதுங்க, விட்டுடறோம். நாம கேட்டா யாருங்க விடுவாங்க?"

இருவரும் புரையேறும்வரை சிரித்தோம். பிறகு அவர் குரலைத் தணித்தார்.

"ஆனா மேடம் காதுக்குப் போயிடக் கூடாது. போன வருஷம் ஒரு டீச்சர் போர்டுல தப்பாப் போட்டுட்டு, மேடம் முன்னாடியே தப்புதானுங்கன்னு ஒத்துக்கிச்சு. ஏப்ரல்ல வேற எடம் பாத்துக்கோங்கன்னுட்டாங்க. நீங்க லீவு வேகன்சியில வந்தவங்க. பாத்து இருந்துக்கோங்க."

ஆகஸ்ட் 1, வெள்ளி

இந்த வாரம் மூன்று நாள் வர்ணிகாவுக்குக் கணக்குப் பீரியடில் வயிற்று வலி. இன்று வாந்தி. ஆயா மண் போட்டு அள்ளினார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேற்று முதல் புது கால அட்டவணை. மூன்றாவது பீரியடாக இருந்த கணக்கு இப்போது ஆறாவது. வர்ணிகா நேற்றும் இன்றும் மதியச் சாப்பாடு முடிந்து, தமிழ் முடிந்து, ஆறாவது பீரியட் மணி அடித்ததும் வாந்தி எடுத்தாள். மேடம், "நடிக்குதுங்க. நீங்க எளக்காரம் குடுத்தராதீங்க" என்றார்.

ஆறாவது பீரியடுக்கு முன்னால் நானும் இரண்டு முறை கழிப்பறைக்குப் போகிறேன். இதை எழுதியிருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாதத் தேர்வு. வினாத்தாள் மேடம் அறையில் தயாரித்தது. வகுத்தலில் ஐந்து கணக்குகள். 408 ÷ 4. 721 ÷ 7. 936 ÷ 9. மற்ற இரண்டும் இதே மாதிரிதான். ஐந்துக்கும் விடையில் நடுவில் ஒரு பூஜ்யம் உண்டு.

முப்பத்தெட்டுத் தாள்களில் முப்பத்தொன்றில் பூஜ்யத்தைக் காணோம். 12, 13, 14. எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டு கோடு. சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றுக்கும் தவறு போட்டேன். நான் கற்றுக் கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறார்கள்.

வர்ணிகாவின் தாளில் 12 என்ற விடைக்குக் கீழே காகிதம் தேய்ந்து மெல்லிசாகியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அழிப்பதற்கு முன் அங்கே 102 என்று இருந்திருக்கிறது. ஐந்திலும் அப்படித்தான். ஐந்து சரியான விடைகளைப் போட்டு, ஐந்தையும் அழித்து, எனக்குப் பிடித்த விடைகளை எழுதியிருக்கிறாள்.

இருபத்தைந்துக்குப் பூஜ்யம் போட்டேன்.

முந்தைய டீச்சர் ஜூன் கடைசியிலேயே விடுப்பில் போய்விட்டார். வகுத்தல் பாடம் ஜூலையில் வந்தது. புத்தகத்தில் உள்ள அந்த 13இல் மூன்றின் வால் உள்பக்கமாகச் சுருண்டிருக்கிறது. நானும் மூன்றை அப்படித்தான் எழுதுவேன். பலரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

வாங்க வேண்டியவை: துவரம்பருப்பு, சோப்பு, ரப்பர்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மெல்லக் கற்போர் பட்டியல் கேட்டார்கள். முப்பத்தொரு பெயர்களைப் பார்த்ததும் மேடம் தாளைத் திருப்பித் தந்தார். "இத்தனையும் போட்டா ஸ்கூல் பேரு என்னத்துக்காவுறது? ரொம்ப மோசமா ஒரு மூணு பேரைப் போடுங்க போதும்."

வர்ணிகா. அப்புறம் இரண்டு பெயர்கள்.

இனிக் கணக்குப் பீரியடில் இந்த மூவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாம் வகுப்புக் கூட்டல் போட வேண்டும். அது மேடத்தின் ஏற்பாடு, என்னுடையது அல்ல.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். மிட்டாய் வினியோகம். பெட்டியை வர்ணிகாவிடம் கொடுத்து, "தலைக்கு எத்தனை வரும்?" என்றேன். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்டேன்.

"தெரியாதுங்க டீச்சர்" என்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வர்ணிகாவின் அம்மாவை வரச் சொல்லியிருந்தார் மேடம். சாந்தாமணி. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம். பண்ணையிலிருந்து நேராக வந்திருந்தார். புடவை முந்தானையில் இறகுத் துணுக்கு ஒட்டியிருந்தது. நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. வர்ணிகா அவர் பின்னால் நின்றாள்.

"உங்க பொண்ணுக்குக் கணக்கு ஏறவே மாட்டேங்குதுங்க" என்றார் மேடம். "பரிச்சையில பூஜ்யம்."

"அதானுங்க எனக்கும் வெளங்க மாட்டேங்குது. கோழி ஷெட்டுல எத்தன முட்டைன்னு சொன்னா, எத்தன ட்ரே ஆவும், மிச்சம் எத்தனைன்னு இவதானுங்க சொல்லுவா. சூப்பர்வைசர் செல்லுல போட்டுப் பாக்கறதுக்குள்ள இவ சொல்லிப்போடுவா. இப்ப ஒரு மாசமா ஒரு ட்ரேக்கு எத்தன குழின்னு கேட்டாக்கூட அழுவறாளுங்க. முப்பதுன்னு கூடச் சொல்ல மாட்டேங்கறா. என்னமோ பயந்துட்டாளாட்டம் இருக்குது. நாலு சாத்துச் சாத்துங்க டீச்சர், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருந்தது.

பிறகு பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மேடம் பக்கங்களைப் புரட்டினார். எந்தப் பக்கத்தில் நிற்பார் என்று எனக்குத் தெரியும். நின்றார். இருபத்தைந்து வரிகள். 618 ÷ 6 = 13. கீழே என் கையெழுத்து, "நன்று."

இதோ தெரிந்துவிட்டது, இனி நானாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். பயமாகவும் இருந்தது, பெரிய விடுதலையாகவும் இருந்தது.

மேடம் அந்தப் பக்கத்தைச் சாந்தாமணியின் பக்கம் திருப்பினார். விரலால் மேலிருந்து கீழே கோடு இழுத்தார். "பாருங்க. டீச்சர் எவ்வளவு மெனக்கெட்டு எழுத வெச்சிருக்காங்க. இத்தன தடவை எழுதியும் மண்டையில நிக்கலைன்னா நாங்க என்னங்க பண்றது?"

மேடத்துக்குத் தெரியவில்லை. பக்கத்தை நேராகப் பார்த்தும் தெரியவில்லை.

வர்ணிகா தலையைத் தூக்கினாள். மேடத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அந்த அறையில் இருந்த நான்கு பேரில் அது தப்பு என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்திக்கு ஒன்பது வயது. அவள் மற்றவள் பேசுவதற்காகக் காத்திருந்தாள்.

நான் ஜன்னலை மூடப் போனேன். காற்று அடித்தது. உண்மையிலேயே காற்று அடித்தது.

"காலாண்டுல பாப்போம். தேறலைன்னா டி.சி. வாங்கிக்கிட்டு வேற எங்கயாச்சும் மூணாவதுல சேத்துருங்க. அடி மட்டத்துல இருந்து வரட்டும்" என்றார் மேடம்.

மாலை அறைக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பென்சில் எடுத்தேன். ஒரு ட்ரேக்கு முப்பது. அறுநூற்றுப் பதினெட்டில் எழுபத்தெட்டு போனால் ஐந்நூற்று நாற்பது. ஐந்நூற்று நாற்பதை முப்பதால் வகுத்தால் பதினெட்டு.

எழுந்து நின்ற அந்த இரண்டு நொடிக்குள் அவள் மனக்கணக்காகவே இதைப் போட்டிருக்கிறாள். எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

ஆகஸ்ட் 23, சனி

மூன்றாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு வராமல் நான் பெஞ்சின்மேல் நின்றிருக்கிறேன். ஒரு முறை அல்ல, அந்த வருடம் முழுவதும். எட்டேழு என்று கேட்டதும் மூளைக்குள் யாரோ விளக்கை அணைத்ததுபோல் இருக்கும். ஒரு நாள் அப்படி நின்றபோது, கீழே பக்கத்துப் பெண்ணின் தமிழ்ப் புத்தகம் திறந்திருந்தது. மேலிருந்தபடியே படித்தேன். கதை நன்றாக இருந்தது; நிற்பது மறந்துபோயிற்று. அன்றிலிருந்து படித்துக்கொண்டே இருக்கிறேன். ஊரில் என்னைப் படிப்பாளி என்பார்கள். அது நான் ஓடி ஒளிந்த இடம் என்று யாருக்கும் தெரியாது.

அந்த டீச்சரின் முகம் நன்றாக நினைவிருக்கிறது. எட்டேழு கேட்கும்போது அவர் கையிலும் ஒரு புத்தகம் திறந்தபடி இருக்கும். அதில் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இத்தனை வருடம் நான் யோசித்ததே இல்லை.

வர்ணிகாவுக்கு அப்படி ஓட ஒரு புத்தகமும் இல்லை. அவளுக்கு எண்கள்தான் பிடிக்கும்.

செப்டம்பர் 12, வெள்ளி

மேடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் வரைவில் நடந்ததை மட்டும் எழுதினேன், எட்டு வரி. மொட்டையாகப் பட்டது. இரண்டாவதில் என் சூழ்நிலையை விளக்கினேன். மூன்றாவதில் "அச்சம்" என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது, இரண்டை மாற்றினேன். நான்காவது வரைவு நன்றாக அமைந்துவிட்டது. கடைசிப் பத்தி எனக்கே கண் கலங்கும்படி இருந்தது. உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

தேர்வு முடியட்டும்.

செப்டம்பர் 19, வெள்ளி

காலாண்டு, கணக்கு. வர்ணிகா வாந்தி எடுக்கவில்லை. அழவும் இல்லை. அரை மணி நேரத்தில் முடித்துத் தாளைக் கொடுத்துவிட்டாள்.

பத்துக் கணக்குகள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அளவைகள். பத்துக்கும் விடை 13. ஒவ்வொன்றின் அடியிலும் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு.

செப்டம்பர் 26, வெள்ளி

"நீங்களே சொல்லுங்க டீச்சர். உங்க வாயால சொன்னாத்தான் அந்தம்மாவுக்கு நம்பிக்கை வரும். இந்தப் பொண்ணுக்குக் கணக்கு வருமா?" என்றார் மேடம், எதிரே நின்ற சாந்தாமணியைக் காட்டி.

உறை கைப்பையில் இருந்தது. கைப்பை மடியில் இருந்தது.

"கொஞ்சம் சிரமம்தானுங்க மேடம்" என்றேன்.

சாந்தாமணி டி.சி.யில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து, வாசலில் வைத்திருந்த ஒரு ட்ரே முட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "எம் புள்ளைக்கு ரொம்பப் பாடுபட்டீங்களாம், மேடம் சொன்னாங்க. இருக்கட்டுங்க டீச்சர், வாங்கிக்கோங்க." வாங்கிக்கொண்டேன். வர்ணிகா புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டருகே நின்றாள். டாட்டா காட்டச் சொல்லி அம்மா சொன்னார். காட்டினாள்.

பேருந்தில் நிற்க இடமில்லை. முப்பது முட்டைகளை மார்போடு அணைத்தபடி வந்தேன். ஒன்றுகூட உடையவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 8, புதன்

இன்று சொன்னேன்.

புத்தகம் இல்லாமல் கரும்பலகைக்குப் போனேன். 618 ÷ 6 எழுதினேன். "ஜூலை மாசம் டீச்சர் இதைத் தப்பாப் போட்டேன். ஒண்ணுல ஆறு போகாதப்ப மேல ஒரு பூஜ்யம் போடணும். நூத்தி மூணு."

பிள்ளைகள் பழைய பக்கத்தைத் தேடி எடுத்து, ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு பூஜ்யத்தைச் சொருகினார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் ஆச்சரியப்படவில்லை.

கவின் எழுந்தான். "அப்ப வர்ணிகா சொன்னது கரெக்டா டீச்சர்?"

"ஆமா."

"அப்பறம் எதுக்கு டீச்சர் அவ போனா?"

மணி அடிக்கும்வரை கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் மேடத்திடமும் சொன்னேன். கடிதம் எதுவும் கொடுக்கவில்லை, வாயால் சொன்னேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். "அட, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க? போர்டுல யாருக்குங்க தப்பு வரல? உங்க கிளாஸ் சதவீதம்தான் இப்பவே ஏறியிருக்குதே. அடுத்த வருஷமும் நாலாவது நீங்களே பாத்துக்கோங்க."

"அப்ப வர்ணிகாவைத் திரும்பக் கூப்பிட்டு..."

"டி.சி. குடுத்தாச்சுங்களே டீச்சர். ரெஜிஸ்டர்ல நம்பர் ஏறிடுச்சு. அதை எப்படி அடிச்சு எழுதறது?"

போன வருடம் போன டீச்சரைப் பற்றிச் சுலோச்சனா டீச்சரிடம் கேட்டேன். "அதுவா? தப்பாப் போட்டதாலயோ, கல்யாணமாகித் திருச்செங்கோடு போனதாலயோ, யாரு கண்டா?" என்றார்.

மாலை, புத்தகத்தில் இருந்த பென்சில் 13ஐ அழித்தேன். முந்தைய டீச்சர் எழுதியது என்று இந்த நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

விசாரித்தேன். நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளியில் வர்ணிகாவை மூன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டாம் வாய்ப்பாட்டிலிருந்து எழுத வைக்கிறார்கள். தினமும் இருபத்தைந்து தடவை.